கிரீடம் செதுக்கிய பெஞ்சு

அந்த பெஞ்சின் சாய்மான உச்சியில் ஒரு கிரீடம் துருத்தி நிற்கும்படி செதுக்கியிருக்கும். தேக்கு மரம். மற்ற வரிசைகளிலிருந்து விலகி, பிரசங்க பீடத்துக்கு நேர் கீழே தனியாகக் கிடக்கும். வெள்ளைக்காரர் காலத்தில், அரசரின் பிரதிநிதியாக கவர்னர் ஆராதனைக்கு வந்தால் உட்காருவதற்காகச் செய்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்பு வெல்வெட் கயிறு. கயிற்றைக் கட்டிக் காத்தவர் என் சித்தப்பா. அடையாற்றில் இருக்கும் அந்தப் பழைய சர்ச்சுக்குப் பல வருடங்கள் அவர்தான் செயலாளர்.

இங்கிலாந்து அரசி இறந்த வாரம், பத்திரிகைக்கு நான் ஒரு விளக்கக் கட்டுரை எழுதினேன். மனைவியை விலக்கிவிட்டு வேறு திருமணம் செய்ய போப்பாண்டவர் சம்மதிக்காததால், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் தன் நாட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். அதிலிருந்து அங்கே கிரீடம் யாருக்குப் போகிறதோ, திருச்சபையின் தலைமையும் அவருக்கே. நமக்குச் சுதந்திரம் வந்த அடுத்த மாதமே, தென்னிந்தியாவில் பல சபைகள் ஒன்றாகித் தனித் திருச்சபை ஆயின. அந்த அரசர் நமக்குத் தலைவர் இல்லை. இவ்வளவுதான் கட்டுரை. அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு ஆதம்பாக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

அங்கே வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சித்திக்கு இரண்டு வருடங்களாகக் காது மந்தம். காது மிஷினை மாட்டினால் சர்ச் ஒலிபெருக்கி வெறும் இரைச்சலாகக் கேட்கும். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். தூணோரம் அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, பிரசங்கம் செய்யும் பாதிரி ஐயரின் முகமே சரியாகத் தெரியாது. தெரிகிற ஒரே இடம் கிரீட பெஞ்சு. கேட்டுப் பார்த்தார். "செயலாளர் பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், சபைக்கு ஒரு சட்டமா?" என்று சித்தப்பா மறுத்துவிட்டார். வருகிற ஞாயிறுதான் கடைசி, அப்புறம் சர்ச்சுக்கு வரப்போவதில்லை என்று சித்தி சொல்லியிருந்தார். சொன்னதை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

"சித்தப்பா, ராஜாவுக்கும் நம்ம சபைக்கும்தான் சம்பந்தமே இல்லையே" என்றேன்.

"தெரியும்டா. தலைமை போச்சு, பெஞ்சு போகலியே. யாராவது வந்தா இடம் வேணும்ல?"

சித்தி கட்டுரையைப் படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பொண்டாட்டி வேணாம்னு ஆரம்பிச்ச பதவியாம். அந்தப் பெஞ்சுக்குக் காவல் இருக்கறவரு பொண்டாட்டிய தூணுக்குப் பின்னாடி உக்கார வெச்சிருக்காரு. பொருத்தமாத்தான் இருக்கு."

சித்தப்பா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அந்த ஞாயிறு நானும் போனேன். அரசிக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும்படி ஐயர் கேட்டுக்கொண்டார். அறிவிப்பு சித்திக்கு எட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து எழுந்து நின்றார். சர்ச் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும். அதற்கு மேல் அவர் குரல் உரக்க எழுந்தது: "என்னங்க, யாருமே பேசல? மைக்கு போச்சா, என் காது முழுசா போயிடுச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை, பயந்திருந்தார். முன்னால் நின்ற சித்தப்பா திரும்பி, நடுவழியாக நடந்துவந்து அவர் கையைப் பிடித்தார். சபை பார்த்துக்கொண்டிருக்க முன்னால் அழைத்துப்போனார். கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். மௌனம் இன்னும் முடியாததால் உதட்டை மட்டும் அசைத்தார்: "ஒக்காரு." சித்திக்கு அது புரிந்தது.

கமிட்டியில் ஆட்சேபம் வந்தது. அடுத்த மாதமே, ஆட்சேபித்தவர் தன் அப்பாவை அதே பெஞ்சுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை.

சித்தப்பா போன வருடம் காலமானார். சித்தி ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. கைப்பையை அந்த மரக் கிரீடத்தின் முனையில் மாட்டிவிட்டு உட்காருவார்; வார் உரசி அந்த இடம் பளபளவென்று ஆகியிருக்கிறது. போன வாரம், ஆற்றோரத்திலிருந்து பெருங்குடிப் பக்கம் குடிபெயர்ந்த ஒரு வயதான அம்மாள் புதிதாக வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்கவில்லையாம். பெஞ்சுக்கு அருகில் வந்து தயங்கி நின்றார்.

"இன்னாமா இது, கிரீடம்லாம் போட்டுக்கீது? யாருனா பெரிய ஆளு வருவாங்களா?"

சித்தி அவர் உதட்டைக் கவனமாகப் பார்த்தார். பிறகு கிரீடத்திலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

"நீதான் வந்துட்டியே. ஒக்காரு."