கவர்மென்ட் மிஷின்

அந்த சிடியை உடைத்துப் போடச் சொல்லி பாய் என் கையில் கொடுத்தார். மறுநாள் கேட்டபோது உடைத்துவிட்டேன் என்று சொன்னேன். சிடி என் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. வேலை செய்கிற எதையும் உடைக்க எனக்குக் கை வராது. வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து, இல்லை ஆறாக இருக்கலாம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதற்கு முன்னால் அதே இடத்தில் அவருடைய மெத்தைக் கடை. உள் அறையில் அப்போதும் நாலைந்து பழைய மெத்தைகள் சுருட்டி நின்றன. வெளி அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர். நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். சென்னைக்கு அனுப்ப வீட்டில் மாட்டோம் என்றார்கள். அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அந்த ஆறும் என் பொறுப்பு. பாய்க்கு மவுசைப் பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் நான்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை சேதி வந்தது. பக்கத்து ஊரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் போலீசோடு வந்து, எல்லா மிஷினையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அடுத்தது நம் ஊர்தானாம்.

பாய் அசையவே இல்லை. "நமக்கு இன்னாமா பயம்? பில்லு இருக்குதே." சுவரைக் காட்டினார். ஆறு கம்ப்யூட்டருக்கும் சென்னையில் வாங்கிய பில்லை லேமினேஷன் செய்து ஆணியில் மாட்டியிருந்தார்.

"அது மிஷினுக்கு பில்லு பாய். உள்ள ஓடுற சாஃப்ட்வேருக்கு இல்ல."

"உள்ள இருக்கறதுக்குத் தனியாவா? மெத்தை வாங்கறவன் பஞ்சுக்குத் தனியா பில்லு கேப்பானா?"

சிரித்தேன். பிறகு விளக்கிச் சொன்னேன். மிஷின்களை அசெம்பிள் செய்து கொடுத்த ஆள் ஒரே சிடியை ஆறிலும் போட்டிருக்கிறான். அந்த சிடி திருட்டு நகல். ஆறுக்கும் முறைப்படி லைசென்ஸ் வாங்கினால் கிட்டத்தட்ட இன்னொரு ஆறு மிஷின் வாங்குகிற செலவு. பாய் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தினி நாளா நான் திருடனா?" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெத்தைக் கடையில் பஞ்சு நிறுக்கும்போது தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் மூன்று முறை நிறுக்கிற மனிதர் அவர்.

அங்கேதான் என் துறுதுறுப்பு உள்ளே நுழைந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த, லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டத்தின் சிடி என்னிடம் இருந்தது. இலவசம், எத்தனை மிஷினில் வேண்டுமானாலும் போடலாம், யாரும் ஜீப்பில் வரமாட்டார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, அதை நான் எங்கே போட்டுப் பார்ப்பது? இதோ ஆறு மிஷின்! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு நாளில் ஆறையும் துடைத்து மாற்றினேன். கண்ணாடிக் கதவில் தமிழிலும் இங்கிலீஷிலும் நானே எழுதி ஒட்டினேன்: 'இங்குள்ள அனைத்தும் சட்டப்படியானவை.'

அப்போதுதான் பாய் பழைய சிடியைக் கொடுத்து உடைக்கச் சொன்னார்.

மற்ற சென்டர்கள் எல்லாம் மூடிவிட்டன. சிலர் மிஷின்களைக் கோணிப்பையில் கட்டி சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். திறந்திருந்தது நாங்கள் மட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி, கிரிவலம். பாய் ஜும்மாவுக்குப் போனவர், கூட்டத்தில் திரும்பி வர முடியாது, வீட்டிலேயே இருக்கிறேன் என்று போன் செய்தார். மதியத்திலேயே செங்கம் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ரோடு முழுக்கத் தலைகள்.

இரண்டேகால் மணிக்கு ஒரு அக்கா உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள்.

"நெட்டு வேலை செய்யுதாமா? டவுன்ல ஒரு கடைகூட இல்லன்னாங்க. இங்க ஒண்ணுதான் தொறந்து இருக்குதுன்னாங்க."

"செய்யுது, உக்காருங்கக்கா. எங்கிருந்து வர்றீங்க?"

"அடி அண்ணாமலை. பஸ்ஸு இல்ல. நடந்தே வந்துட்டேன். எல்லாம் எதிர்ல வராங்க, நான் ஒருத்தி மட்டும் இப்படி வரேன். 'ஏம்மா, மலையத் தலைகீழா சுத்தறியா'ன்னு ஒரு பெரியவரு கேக்கறாரு."

ஒரு மத்திய அரசுத் துறையில் எழுத்தர் வேலை. விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்ப முடியாது, அந்தத் தடவையிலிருந்து இணையத்தில் மட்டும்தான். கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நாலு நாளாகச் சென்டர் தேடியிருக்கிறார், எல்லாம் மூடியிருந்தன.

"அடுத்த தடவ போட முடியாதாக்கா?"

"அடுத்த மாசம் எனக்கு வயசு தாண்டிடுது மா." சாதாரணமாகத்தான் சொன்னார். கவரை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருந்தபடி ரிஜிஸ்டரில் அவர் பெயர், முகவரி, ரேஷன் கார்டு எண் எல்லாம் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் தளத்தைத் திறந்தேன்.

வெள்ளைப் பக்கம். நடுவில் இங்கிலீஷில் ஒரே வாக்கியம். இந்தத் தளம் உங்கள் பிரவுசரில் திறக்காது, இன்ன பிரவுசரைப் பயன்படுத்தவும் என்று. அந்தப் பிரவுசர் ஜீப்பில் வருகிற அதே கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் சிஸ்டம் இருந்தால்தான் அது ஓடும்.

"ஒரு நிமிஷம்க்கா" என்றேன். நம் பிரவுசரையே அந்தப் பிரவுசர் மாதிரி வேஷம் போட வைக்க ஒரு வழி உண்டு. போட்டேன். பக்கம் திறந்தது! துள்ளிவிட்டேன். அக்கா பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் சொல்லச் சொல்ல நிரப்பினேன். கடைசியில் அனுப்பும் பட்டனை அழுத்தினால் அது அசையவில்லை. இன்னொரு மிஷினில், இன்னொரு பிரவுசரில். அசையவில்லை. மணி மூன்று.

தளத்தில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஏழெட்டு முறை எங்கேஜ்டு. பிறகு டெல்லியிலிருந்து ஒருவர், அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் முட்டிக்கொள்ள, அந்தப் பிரவுசரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றார். எங்களிடம் இல்லை என்றேன். "அது எல்லார்கிட்டயும் இருக்குமே, மேடம்," என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். புதன்கிழமை வரை எங்களிடமும் ஆறு இருந்தது. நான்தான் துடைத்தேன்.

"ஆவாதா மா?" என்றார் அக்கா.

பாய்க்குப் போன் செய்யலாம் என்று ரிசீவரை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் செய்ய முடியாது. கைப்பையைத் திறந்து, டப்பாவை நகர்த்தி, சிடியை எடுத்தேன். அதை டிரைவில் போடும்போது தெருவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே, நான் ஒட்டிய நோட்டீஸுக்குப் பின்னால், ஒரு காக்கிச் சட்டையின் முதுகு.

கூட்டத்துக்கு வந்த பந்தோபஸ்து, நம்மைப் பார்க்க வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. முப்பத்தொன்பது நிமிடம் பாக்கி என்றது.

பதினைந்து நிமிடம் போயிருக்கும். கதவு திறந்தது. காக்கிச் சட்டை உள்ளே வந்தது.

"தண்ணி இருக்குதாமா?"

ஐம்பது வயதுக்காரர். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். சொம்பை நீட்டினேன். அவர் குடித்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஷூவைக் கழற்றினார். வேலூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து வந்தவராம். "காலையில இருந்து நிக்கறேன். செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்." ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். "கரெக்டா எழுதறீங்க. நெறைய பேரு எழுதறதே இல்ல."

சரியாக அப்போதுதான் திரை நின்றது. ஐந்து வரிசையாக இருபத்தைந்து எழுத்துள்ள நம்பரைக் கேட்டது. நம்பர் சிடியின் காகித உறையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. அக்காவிடம் நீட்டி, "மெதுவாப் படிங்கக்கா" என்றேன். மெதுவாக என்றால் குரலைத் தாழ்த்தி என்று அர்த்தம். அவர் நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல உரக்க ஆரம்பித்தார்.

"எம்மு... நாலு... இது டீயா, பீயா மா?"

"இங்க கொடு மா, நான் படிக்கறேன்," என்று போலீஸ்காரர் எழுந்தார். "ஒயர்லெஸ்ல வண்டி நம்பர் படிக்கற ஆளு நான். டீ, பீ எல்லாம் கொழம்பாது."

உறை அவர் கைக்குப் போய்விட்டது.

"எம் ஃபார் மெட்ராஸ். நாலு. டி ஃபார் டெல்லி. எச் ஃபார் ஹைதராபாத். ரெண்டு. அடிச்சிட்டியா? அடுத்தது..."

அடித்தேன். திருட்டு நம்பரை சீருடையில் நின்று ஒருவர் படிக்க, நான் அடித்துக்கொண்டிருந்தேன். நாலு வரிசை முடிந்தது. ஐந்தாவதில் அவர் நின்றார்.

"இன்னாமா இது, எண்ணெயா?"

என் டப்பாவிலிருந்து புளிசாதத்தின் எண்ணெய் கசிந்து உறையின் ஓரத்தில் ஊறியிருந்தது. கடைசி ஐந்து எழுத்தும் நீலக் கறையாகிக் கலந்திருந்தன. வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. மணி மூன்றே முக்கால். அந்த ஐந்து எழுத்து இல்லாமல் மிஷின் நகராது. அதில் இருந்த லினக்ஸும் போய்விட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் உறையைத் திருப்பினார். முதல் வரிசையை மறுபடி முணுமுணுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜே ஃபார் ஜப்பான். எட்டு. கே ஃபார் கேரளா. ஆறு. எச் ஃபார் ஹைதராபாத். அடிச்சுப் பாரு."

அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

"எப்படி சார்?"

"ஸ்டேஷன்ல எழுத்து வேலை என்னுது. ரைட்டர். பௌர்ணமின்னா எங்களையும் ரோட்ல நிக்க வெச்சுடறாங்க. எங்க கம்ப்யூட்டர் மாசத்துக்கு ஒரு தபா படுத்துக்கும். மெக்கானிக்கு வருவான், இதே மாதிரி நம்பர் கேக்கும், நான் படிப்பேன். இதே நம்பருதான் மா. மனப்பாடம் ஆயிடுச்சு."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஷூவைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் போனவர் நோட்டீஸை நின்று படித்தார். "எல்லாம் சட்டப்படி. ம். நல்லது. இப்போ ரெய்டு ஜாஸ்தி, ஜாக்கிரதையா இருங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் இறங்கினார்.

அதற்குப் பிறகும் இணைய இணைப்புக்கு இன்னொரு சிடியைத் தேடிப் போட வேண்டியிருந்தது. நாலரைக்குத் தளம் திறந்தது. எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினோம். கடைசி நாள் என்பதால் பக்கம் நகரவே இல்லை. அக்கா திரையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பும் பட்டன் அழுந்தியது. ஒரு பதிவு எண் வந்தது.

"போயிடுச்சா மா?"

"போயிடுச்சுக்கா."

"நெஜமாப் போயிடுச்சா?"

அந்த மிஷினில் பிரிண்டரைச் சேர்க்க நேரமில்லை. எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னொரு காகிதத்திலும் எழுதித் தரச் சொன்னார். ஒன்று கவருக்குள், ஒன்று பர்ஸுக்குள். இந்த முறை எல்லாரும் போகிற திசையில் கூட்டத்தோடு நடந்து போனார்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் பாய் வந்துவிட்டார். ஐந்து திரையும் ஒரு மாதிரி, ஆறாவது மட்டும் பழைய பச்சை மேடும் நீல வானமும்.

"உடைச்சேன்னு சொன்னியே மா."

நடந்ததைச் சொன்னேன். போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் சிரிக்கவில்லை.

"கம்பெனிக்காரன் வெச்சிருந்தா திருடன்றான். கவர்மென்ட்டு அது இல்லன்னா வராதுன்றான். சரி, அது அவனுங்க. நீ எங்கிட்ட சொல்லி இருக்கலாம்ல? நான் அந்தப் பொண்ண அப்படியே திருப்பி அனுப்பி இருப்பேனா?"

துடைத்துவிடுகிறேன் பாய் என்று லினக்ஸ் சிடியைத் தேடினேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அந்த ஆறாவது மிஷினை அவரே தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோய், மெத்தைச் சுருள்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு மெத்தை உறையைப் போர்த்தினார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கவர்மென்ட் மிஷின். யார் வந்தாலும் முதலில் கேட்பேன்: "மெயிலா, கவர்மென்ட்டா?" கவர்மென்ட் என்றால் உள்ளே.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தார், ஹால் டிக்கெட் எடுக்க. அதுவும் அந்தப் பிரவுசரில்தான் வரும். உறையை விலக்கி, பிரிண்டரை உள்ளே கொண்டுவந்து சேர்த்து, தளத்தைத் திறந்து, பிரிண்ட் கொடுத்தேன். தாள் பாதி வந்திருந்தபோது கடை வாசலில் ஜீப் ஒன்று நின்றது. இன்ஜினை அணைக்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம், ஒன்று, இரண்டு.

என் கை சுவிட்சின் மேல் இருந்தது. அணைத்தால் தாள் பாதியில் நிற்கும். வெளி அறையில் பாய் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஒரு தடவை, இப்படியும் அப்படியும், மெதுவாக ஆட்டினார். அணைக்காதே.

கையை எடுத்தேன். பிரிண்டர் வரிவரியாக இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பெயர் வந்தது. புகைப்படம் வந்தது. தேர்வு மையத்தின் முகவரி வந்தது. வாசலில் யாரோ, "பாய், பக்கத்துல டீக்கடை இருக்குதா?" என்று கேட்டார்கள்.