எட்டயபுரத்தில் வீடு தேடிப் போனதும், செயற்கைக்கோள் பார்க்காத தூசியும்

மூச்சிரைப்பு உள்ள குழந்தையோடு கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் குடிபோக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். பொங்கல் முடிந்த வாரத்தில் என் மனைவி சுதாவுக்கு எட்டயபுரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஜூனில் சேர வேண்டும். மகள் யாழினிக்கு ஏழு வயது. மதுரையில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தபோது இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். "கரிசல் காடு, புழுதி பறக்கும்" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். போகாவிட்டால் சுதா வேலையை விட வேண்டியதுதான்.

நான் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவன். சரி, பார்த்துவிடலாம் என்று செயற்கைக்கோள் படங்களைத் தேடினேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரையில் பட்டுத் திரும்பும் வெயிலைக் காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் எவ்வளவு மாற்றுகின்றன என்று கணக்கிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். வெளிர்மஞ்சள் என்றால் காற்று தெளிவு. சிவப்பு ஏற ஏறத் தூசி அதிகம். மேகம் மூடிய நாளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மூன்று வருடப் படங்களைப் பார்த்தேன். மேல்காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் எட்டயபுரத்தின் நிறம் கொஞ்சம் ஏறியது. தை, மாசியில் வெளிர்மஞ்சள்தான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். நண்பரிடம் இரவல் வாங்கிய கைக்கருவி ஒன்று பையில் இருந்தது. நிற்கிற இடத்தில் காற்றில் எவ்வளவு நுண்தூசி என்று எண்ணில் காட்டும். மாட்டுத்தாவணியில் காலை 6.20க்குப் பேருந்து, கட்டணம் 95 ரூபாய். சுமார் நூறு கிலோமீட்டர். 8.30க்குக் கோவில்பட்டி. (சில வண்டிகள் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள்.) இட்லி சாப்பிட்டுவிட்டு 9.05க்கு எட்டயபுரம் பேருந்தைப் பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், 17 ரூபாய். வழியெல்லாம் காய்ந்த மக்காச்சோளத் தட்டைகள், நடுநடுவே உழுது போட்ட கறுப்பு மண்.

பார்க்கப்போன வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. ஆட்டோ 80 ரூபாய். ஓட்டுநர் முருகேசன் என் கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, அதென்ன, பிரஷர் பாக்குற மிஷினா?"

"காத்துல தூசி எவ்வளவுன்னு காட்டும்."

"அதுக்கு மிஷினா? ஆடி மாசம் வாங்க, கண்ணை மூடிட்டே நான் சொல்லுதேன்."

வீட்டுக்காரர் ஜெபமணி டீச்சர். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடியில் தனியாக இருக்கிறார். கீழ்வீடு காலி. விசாலமான இரண்டு அறைகள், நல்ல தண்ணீர், பின்னால் வெட்டவெளி. கருவி 24 காட்டியது. மதுரையில் எங்கள் வாசலில் அது அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. யாழினியின் போட்டோவைக் காட்டி, அவளுக்கு வீசிங் இருப்பதைச் சொன்னேன். டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, 1.20க்கு அந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். நான் பார்க்கிற படத்தை எடுக்கும் செயற்கைக்கோள் இந்தப் பக்கம் கடப்பது மதியம் ஒன்றரையை ஒட்டித்தான். அந்த நேரத்தில் கருவி 27 காட்டியது. சுதாவுக்குப் போன் போட்டு, "வீடு முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். அட்வான்ஸ் தர எழுந்தபோது டீச்சர் தடுத்தார்.

"இருங்க தம்பி. மூணு மணி வரைக்கும் இருந்துட்டு பொறவு சொல்லுங்க."

"ஏன் டீச்சர்?"

"பிள்ளைக்கு வீசிங்குன்னு சொன்னீங்கல்லா. இருங்க."

மூன்று மணிக்குச் சற்று முன்னால் பின்பக்க வெட்டவெளிக்கு ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின். அங்கே ஒரு சிமெண்ட் களமும் குவித்து வைத்த கதிர்களும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மிஷின் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மஞ்சளாக ஒரு புகை எழுந்து, கீழ்காற்றில் நேராக வீட்டுக்குள் வந்தது. துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டிய இரண்டு பெண்கள் அதற்குள் நின்று கதிர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கருவி 140 காட்டியது. பிறகு 300ஐத் தாண்டியது. மக்காச்சோளச் சுணை பட்டு எனக்கே கழுத்து அரித்தது, தொண்டை கமறியது. மகளை அந்த அறையில் நினைத்துப் பார்த்தேன்.

டீச்சர் ஜன்னல்களைச் சாத்தினார். "அறுப்பு முடிஞ்சா வருசா வருசம் இருவது நாள் இப்படித்தான். காலையில கதிரு ஈரமா இருக்கும்னு மதியத்துக்கு மேலதான் அடிப்பாவ."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என் குரலில் கோபம் இருந்தது.

"பத்து மாசமா வீடு பூட்டிக் கிடக்கு. சொல்ல வாய் வரலை." ஜன்னல் கொக்கியை மாட்டினார். "முந்தி இருந்தவிய கிட்டயும் நான் சொல்லலை தம்பி. அவிய பிள்ளைக்கு மூணு வயசு. மூச்சு முட்டி, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டு ஓடுனோம். பிழைச்சிருச்சு. ஆனா நான் பட்ட பாடு... நீங்க போட்டோவைக் காட்டுனதும் அந்தப் பிள்ளை ஞாபகந்தான் வந்துச்சு."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவரே என்னை ஊரின் இன்னொரு பக்கம் கூட்டிப்போனார். ஒன்றரை கிலோமீட்டர் நடை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தவரின் மாடி வீடு. அறை சிறியது, வாடகை ஐந்நூறு கூட. மணி நாலரை, மிஷின் சத்தம் தூரத்தில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கே கருவி 31 காட்டியது. அந்த வீட்டையே பேசி முடித்தேன். 5.40 பேருந்தில் திரும்பினேன்.

படம் பொய் சொன்னதா என்று கேட்டால், இல்லை. நான் பார்த்த படத்தில் ஒரு கட்டம் பத்துக்குப் பத்து கிலோமீட்டர். அதற்குள் ஊரும் காடும் கண்மாயும் எல்லாம் அடக்கம். தரையிலிருந்து வானம் வரை மொத்தக் காற்றையும் சேர்த்துப் பார்க்கிறது, அதுவும் நாளுக்கு ஒரு தடவை. மூன்று மணிக்கு ஒரு களத்தில் எழும் தூசி அதில் விழாது. ஆனால் ஆடிக் காற்று விஷயத்தில் அது சொன்னது அப்படியே நடந்தது. நாங்கள் குடிவந்த முதல் ஆடியில் யாழினி இரண்டு முறை இன்ஹேலர் எடுத்தாள். படத்தில் நிறம் ஏறியிருந்தால் மறுநாள் அவளுக்கு முகக்கவசம் போட்டு அனுப்புகிறோம். இதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நீங்கள் வருவதாக இருந்தால் எந்த ஊர் என்று முடிவுசெய்ய ஒரு வருடப் படத்தையாவது பாருங்கள். வீட்டை முடிவுசெய்யத் தை, மாசியில் நேரில் வாருங்கள், மாலைவரை இருங்கள். பின்னால் களம் இருக்கிறதா, மண் ரோட்டில் லாரி போகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கருவி இல்லாவிட்டாலும் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்க்கலாம்.

ஜெபமணி டீச்சர் வீடு வைகாசி வரை பூட்டியே கிடந்தது. கடைசியில் வீடு பார்க்க வந்த ஒரு தம்பதி அதை எடுத்துக்கொண்டார்கள். கதவைத் திறக்கும் முன்பே டீச்சர் தங்களைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் களத்தைக் காட்டியதாக அவர்களே சொன்னார்கள்.