இடப்பக்கம் குன்றத்தூர், வலப்பக்கம் கடல்

நான் குன்றத்தூர் மலை ஏறவில்லை. ஏறினேன் என்று வாராவாரம் வீட்டில் சொன்னதெல்லாம் பொய்!

முதல் சில வாரங்கள் ஏறினேன், அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு, கணவரின் வேண்டுதலுக்காக நான் படியேறிக்கொண்டிருப்பதாக வீடே நம்பிய ஞாயிற்றுக்கிழமைகளில், பனையூர்ப் பக்கம் ஒரு குப்பத்தின் மணலில் மண்டியிட்டுப் படகுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். உங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது... சுளியுங்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதையும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

என் கணவர் சேகர், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போவார். ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள், குழறிய நாக்கோடு என்னைக் கூப்பிட்டார்.

"என்னால ஏற முடியாது, கோமு. எனக்குப் பதிலா நீ ஏறு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. நான் எழுந்து நடக்கிற வரைக்கும்."

சரி என்றேன். அந்த நிலையில் படுத்திருக்கும் மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

என் வாரம் எப்படி ஓடியது என்று தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். விடிவதற்குள் எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்து, பக்கத்து ஃபிளாட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, ரயிலைப் பிடித்துக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்துக்கு ஓடுவேன். மாலையில் திரும்பி வந்து மறுபடியும் அதையே முதலிலிருந்து செய்வேன். மகன் பெங்களூரில், போனில் அக்கறையாக விசாரிப்பான். சனிக்கிழமை மாலை மட்டும் படப்பையிலிருந்து சேகரின் அக்கா, நான் அண்ணி என்று அழைப்பவர், வந்து தங்குவார். எதற்கு? ஞாயிறு காலை நான் கோவிலுக்குப் போக வேண்டுமே, அதற்கு!

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது, இரண்டு மணி நேரம் எங்காவது போய்வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அண்ணி பஸ் ஏறி வந்திருப்பாரா? மாட்டார். கோவிலுக்கு என்றதும் வந்தார். "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று என் தலையில் பூவும் வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. நான் அதைச் சொன்னேன்.

படகுகள் மீதான பைத்தியம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. மகனின் பட்டமளிப்பு விழாவுக்காக வாங்கிய கேமரா, விழா முடிந்ததும் பீரோவுக்குள் போனது. ஒருமுறை குடும்பத்தோடு கோவளம் போனபோது அதை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் மணலில் சாய்ந்து கிடந்த ஒரு படகையே சுற்றிச் சுற்றி வந்தேன். "மனுஷங்களை விட்டுட்டுப் படகைப் புடிக்கிறாளே!" என்று சேகர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அதன்பின் முட்டுக்காடு, செம்பரம்பாக்கம் ஏரி என்று எங்கே தண்ணீர் தெரிந்தாலும் கை பரபரக்கும். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை... யாராவது அழைத்துப்போனால் உண்டு. அவ்வளவுதான்.

பல்லாவரம் சிக்னலை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீடு இருக்கும் தாம்பரத்திலிருந்து போனால் இடப்பக்கம் பம்மல் வழியாகக் குன்றத்தூர்; வலப்பக்கம் துரைப்பாக்கம் சாலை, அதையும் தாண்டிப் போனால் கடல். நான் முதன்முதலாகத் திசை மாறிய ஞாயிறு நல்ல முகூர்த்தம். குன்றத்தூரில் கல்யாணம் செய்யப் போகிறவர்களின் வேன்கள் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. என் பையில் கேமரா இருந்தது. அதை ஏன் எடுத்து வைத்தேன்? மலைமேலிருந்து ஊரைப் படம் எடுக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்புகிறீர்களா? நானும் நம்பவில்லை.

ஸ்கூட்டரின் இண்டிகேட்டரை மாற்றினேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, கிரகம் பிடித்து ஆட்டவில்லை. என் கட்டைவிரல்தான் அதைச் செய்தது.

குப்பத்தில் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்த நேரம். அலை ஒரு படகின் முன்மூக்கைத் தூக்க, இறங்கி நின்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ள, அது மணலில் ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. நீலப் பெயின்ட், வெள்ளை எழுத்தில் யாருடைய அம்மாவின் பெயரோ, இயந்திரத்தின்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்த காகம். நான் பட்டுப் புடவையோடு ஈர மணலில் மண்டியிட்டேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும்... மாத்திரை வேளை, பெட்பேன், கஞ்சியின் சூடு எதுவுமே நினைவில் இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் மகிழ்ச்சியாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த செல்விதான் என்னிடம் முதலில் பேசினாள்.

"செருப்பக் கழட்டிட்டுக் கிட்ட போக்கா. படகாண்ட செருப்புக் காலோட போவக்கூடாது. ஆமா, கல்யாண வூட்டுக்கு வந்தா மாதிரி வந்துகீறியே, இன்னா விசயம்?"

"கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமி தேடாதா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மீனைப் பிரிக்கத் தொடங்கினாள். அதற்குப்பின் எந்த வாரமும் அவள் என்னைத் துருவியதில்லை.

செருப்பைக் கழற்றினேன். பிறகு எல்லா ஞாயிறும் வெறுங்காலோடுதான் அந்தப் படகுகளைச் சுற்றி வந்தேன். ஆக, கோவிலில் செய்ய வேண்டிய ஒன்றையாவது அங்கே செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. விபூதி?

தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினேன். பூசைச் சாமான் கடையில் பாக்கெட்டில் விற்கும் விபூதி. அதைப் பிரித்து, நாள்காட்டித் தாளில் கொஞ்சமாக மடித்து, கோவிலில் கொடுப்பதுபோலவே ஒரு முனையைச் செருகி எடுத்துப்போவேன். திரும்பும் வழியில் தெருக்குழாயில் காலைக் கழுவி, புடவை ஓரத்து மணலை உதறி, நெற்றியில் கீற்றாக இட்டுக்கொள்வேன். வீட்டில் அவர் காத்திருப்பார். இடக்கையால் வலக்கையைத் தூக்கி என்முன் நீட்டுவார். நான் பூசுவேன்.

"இன்னைக்கு எப்படி இருந்தார்?" என்று கேட்பார். அலங்காரத்தைச் சொல்ல வேண்டும். ராஜ அலங்காரம், வெள்ளிக் கவசம், மல்லிகையும் மரிக்கொழுந்தும்... வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் கண்மூடிக் கேட்பார். மூடிய கண்களின் ஓரம் கசியும்.

அப்போது உறுத்தவில்லையா என்கிறீர்களா? உறுத்தியது. அடுத்த ஞாயிறு மறுபடியும் வலப்பக்கம் திரும்பினேன். ஒரு மனதுக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது!

ஒருநாள் நான் எடுத்ததிலேயே சிறந்த படம் கிடைத்தது. படகின்மேல் அலை உடைந்து சிதறும் கணம். சிதறலுக்குள் பாதி மறைந்த நான்கைந்து முகங்கள். ஒருவர் மட்டும் என்னைப் பார்க்கிறார். அந்தக் களிப்பு உடம்பில் மிச்சமிருக்க வீட்டுக்கு வந்து விபூதி பூசினேன். சேகரின் வலக்கைச் சுட்டுவிரல் அசைந்தது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். "நீ ஏறின படிடீ, கோமு" என்று சேகரும் அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை; அந்த விரலுக்காகத்தான் அழுதேன். என் பையில் அந்தப் படமும் இருந்தது.

பிறகுதான் மாட்டிக்கொண்டேன். எப்படி? கோவிலில் திருப்பணிக்காகப் பாலாலயம் செய்துவிட்டார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் அனைவருக்கும் தெரியும்... கருவறையை மூடிவிடுவார்கள், குடமுழுக்கு முடியும்வரை மூலவரைப் பார்க்க முடியாது. போகாதவளுக்கு எப்படித் தெரியும்? நான் அந்த ஞாயிறும் வந்து உட்கார்ந்து, "இன்னைக்குச் சந்தனக் காப்பு. கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருந்தார்" என்றேன்.

அண்ணி காய் நறுக்குவதை நிறுத்தினார். "சந்தனக் காப்பா? எங்க தெருப் பொண்ணு புதன்கிழமை போய்ட்டு வந்தா. பாலாலயம் பண்ணியாச்சு, மூலவர் தரிசனமே இல்லேன்னாளே."

சேகர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்:

"உற்சவரைச் சொல்றாக்கா. அவளுக்கு மூலவர் எது, உற்சவர் எதுன்னு என்ன தெரியும்?"

அண்ணி மறுபடியும் நறுக்கத் தொடங்கினார். சேகர் என்னிடம் இடக்கையால் வலக்கையைத் தூக்கி நீட்டினார். பூசினேன். அன்றிலிருந்து அலங்காரத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

அவருக்குத் தெரியுமா? தெரியாது எனக்கு. கேட்கவும் மாட்டேன். கேட்டால் படகுகள் போய்விடும் என்ற பயம்தான் காரணம். வேறு உயர்ந்த காரணம் எதையும் நான் உங்களிடம் விற்க விரும்பவில்லை.

இதுவரை சொன்னது எதற்கும் நான் வருந்தவில்லை. அந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாட்களில் நான் அவர்மேல் எரிந்து விழுந்திருப்பேன். ஒருநாளும் விழவில்லை. புண் வராமல் புரட்டிப் போட்டேன். முகம் கோணாமல் அள்ளிக் கொட்டினேன். படகுகளைப் பார்த்துவிட்டு வந்த கைகள்தான் அதையெல்லாம் செய்தன. இதைக் குற்றம் என்று நீங்கள் சொன்னால், சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால்... ஒன்று இருக்கிறது.

ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். அவர் கட்டிலில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவரை வந்து நின்றிருந்தார். சுவரை விட்டார். வலது காலை இழுத்து ஓர் அடி வைத்தார், அடுத்தது, அதற்கடுத்தது... என்னைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார்.

அப்போது என் மனதில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, இனி ஞாயிற்றுக்கிழமை?

அதுதான் முதலில் வந்தது! மகிழ்ச்சி பிறகு வந்தது; ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது பிறகு; அழுதது பிறகு. முதலில் வந்தது அதுதான். அந்த ஒரு நொடி, என் கணவர் மறுபடியும் கட்டிலில் விழுந்து கிடக்கக்கூடாதா என்று நான் நினைத்தேன். பொய்யை எளிதாகச் சுமக்க முடிகிறது. இதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு அவர் என்னோடு வந்தார். திருப்பணி முடிந்து நடை திறந்தாயிற்று. வேண்டுதலை அவரே ஏறி முடிக்க வேண்டுமாம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, வலக்கையை என் தோளில் வைத்துக்கொண்டார். பல்லாவரத்தில் சிவப்பு விழுந்தது.

"இந்தப் பக்கம் போனா நேரா பீச்சுதானே, கோமு?" என்றார்.

"ஆமா."

"நாம போயி ரொம்ப நாளாச்சு."

எவ்வளவு சுலபமான வாசல்! போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. செல்வியையும் அந்த நீலப் படகையும் அவருக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அது என்னுடையது. பச்சை விழுந்ததும் இடப்பக்கம் திரும்பினேன்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து, மேலே வந்துவிட்டார். குருக்களிடம், "என் வொய்ஃப் வாராவாரம் ஏறினதாலதான் சாமி நான் இன்னைக்கு ஏறினேன்" என்றார். குருக்கள் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

முருகனை நேருக்கு நேர் பார்த்தேன். என் கணவரைத் திருப்பிக் கொடுத்தாய், என் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டாய் என்றேன். இது போதும் எனக்கு, நிறைவாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

சேகர் தட்டிலிருந்து விபூதியை எடுத்தார். வலக்கையால்தான். நடுங்கும் விரலால் என் நெற்றியில் இட்டார். கீற்று கோணலாக விழுந்து, கொஞ்சம் கண்ணுக்குள் உதிர்ந்தது.

"இனிமே வாராவாரம் ரெண்டு பேரும் வரலாம், கோமு."

"வரலாங்க" என்றேன்.

வண்டியை எடுத்தேன். அவர் ஏறிக்கொண்டு, பழையபடி தோளில் கை வைத்தார். சீட்டுக்கு அடியில், துண்டில் சுற்றியபடி கேமரா இருந்தது. தாம்பரம் வரைக்கும் அதன்மேல்தான் அவர் உட்கார்ந்து வந்தார்.