வலப்பக்கம் ஒரு விரல் நீளம்

எங்கள் தெருச் சலூன்காரருக்கு இளவயதில் வலது தோள் சொன்ன பேச்சுக் கேட்காது. பந்து பிடிக்கப் பாய்ந்தபோது முதல்முறை கழன்றது. அப்புறம் சட்டை மாட்டினால் கழன்றது, தும்மினால் கழன்றது. வழி கேட்டவருக்குக் கையை நீட்டும்போதே கழன்று, அது தொங்கிய திசையில் போன மனிதர் இன்னும் திரும்பவில்லை. கடைசியில் அறுவை செய்து இறுக்கிக் கட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் தோள் இடத்தை விட்டு அசையவில்லை.

போன வருடம் வலி வந்தது. கையைத் தூக்கினால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் நறநறவென்றது. மனிதர் மூச்சு விடவில்லை. சொன்னால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவார்களே! வேறு வேலை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

காட்டிக்கொடுத்தவை தலைகள். முழங்கையை அகட்டித் தூக்க முடியாததால், தெருவில் எல்லார் தலையிலும் வலப்பக்க முடி ஒரு விரல் நீளம் கூடிப்போயிற்று. ஒருவரும் புகார் சொல்லவில்லை. புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து, "எங்களுக்கும் அதே சாய்வு" என்று வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அவர் மனைவி தையல்காரி. அளவெடுத்தே பழகிய கண். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஏழு தலைகளில் அதே சாய்வைப் பார்த்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

"ஏங்க, கையைத் தூக்குங்க பாப்போம்."

"எதுக்கு? நான் என்ன திருடனா?"

"தூக்குங்கன்னா!"

மோவாய் வரைக்கும்தான் வந்தது.

"எத்தனை நாளா?"

"பத்து மாசம்."

"பக்கத்துலயேதானே கிடக்கேன், ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?" திட்டிக்கொண்டே அந்தத் தோளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "கழலலை. மூட்டு தேஞ்சிருக்கு. அடிக்கடி கழன்ற தோளுக்கு, ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் பின்னாடி இப்படி வர்றதுண்டு."

"கடையை மூடணுமா டாக்டர்?"

"கையை ரொம்ப உயர்த்தாம வெட்ட முடிஞ்சா மூட வேண்டாம். மருந்து தர்றேன், பயிற்சி சொல்லித் தர்றேன். மோசமானா அப்ப பாக்கலாம்."

மறுநாளே அவள் தச்சரைக் கூட்டி வந்து, கடையின் மரநாற்காலிக் கால்களில் ஒரு சாண் அறுக்கச் சொன்னாள். முதலில் வந்தவர் நெட்டைத் தபால்காரர். முழங்கால் மோவாயில் இடித்தது.

"அண்ணே, இதுக்குத் தரையிலேயே உக்காந்திருப்பேனே!"

"வாயை மூடு, காது போயிடும்."

கத்தரி வலப்பக்கம் போயிற்று. வலித்தது, ஆனாலும் போயிற்று. வாசலில் நின்ற மனைவி முடியைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். தபால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், சலூன்காரர் துணியை உதறினார்.

"அடுத்த ஆள் வாங்க!"