பூஜையில் வைத்த ரேம்

பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள் சுபாஸ்ரீ. ஆயுத பூஜையன்று காலையில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைப்பது அவள் வேலை. பொட்டு வைப்பது அவள் கணவன் ஜெயந்தின் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து இந்தப் பங்கீடு மாறவில்லை.

பக்கத்து அறையிலிருந்து மாமியார் கல்பகம் குரல் கொடுத்தாள்.

"என்னடி, உன் ஆபீஸைத் தொடச்சாச்சா?"

"ஆயிண்டிருக்கும்மா."

"அப்படியே வந்து எனக்கும் ஒரு பொட்டு வெச்சுட்டுப் போ. நானும் ஓடாத மிஷின்தான்."

ஆபீஸ் என்று அவள் சொன்னது கேலி இல்லை. செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இருக்கும் அந்த வீட்டின் ஹாலில், ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். ஒன்பது வருஷமாக சுபாஸ்ரீயின் ஆபீஸ் அதுதான். மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பி.காம். முடித்து, மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் சேர்ந்தவள். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருடைய வியாதிக்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் பார்த்துப் போடுகிற வேலை. கல்பகம் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையானதும், வீட்டிலிருந்து செய்கிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டாள். யாரோ ஒரு அமெரிக்கக் கிழவியின் படுக்கைப் புண்ணுக்கு எண் போட்டுவிட்டு எழுந்து போய், இங்கே மாமியாருக்குப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பாள். வந்து அடுத்த எண்ணைப் போடுவாள்.

நடுவில் இரண்டு முறை ஆள் வைத்துப் பார்த்தார்கள். கல்பகம் முன்பின் தெரியாத கையைத் தன் மேல் படவிடவில்லை. முதல் பெண் அழுதுகொண்டு போனாள். இரண்டாவது பெண் அழவில்லை, திட்டிவிட்டுப் போனாள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய விண்டோஸுக்கு ஆயுள் முடிகிறது. சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் புதியதற்கு மாறியாக வேண்டும். தசராவுக்கு, அதாவது விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லா மிஷினையும் ஆன்லைனில் சோதிப்பார்கள். தேறாதவர்கள் திங்கட்கிழமை முதல் கச்சிபௌலி ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும், நிரந்தரமாக.

அல்வாலிலிருந்து கச்சிபௌலி என்றால் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. போக வரவே பாதி நாள் போய்விடும்.

"இதுக்கா முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருக்கே? ஒரு மணி நேர வேலை" என்றான் ஜெயந்த்.

அந்த கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டியவனே அவன்தான். பாலாநகரில் ஒரு பாதுகாப்புத் துறை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. கேட்ட அளவு இருக்கிறதா, இல்லையா. இருந்தால் பச்சை முத்திரை. புதிய விண்டோஸ் கேட்கிற அளவுகளைப் பார்த்தான். ரேம் போதாது, சரி. ஹார்ட் டிஸ்க் ஆமை வேகம், அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடலாம், சரி. பிராசஸர் ஒரு கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போதும் என்று போட்டிருந்தது.

"நம்மளோடது மூணுக்கு மேல இருக்கு. கேட்டதைப் போல மூணு மடங்கு!"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கோளேன்."

"ரேம்ங்கறது சமையல் மேடை. டிஸ்க் பரண். மேடையைப் பெருசாக்கறோம், பரணைக் கைக்கெட்டற மாதிரி கீழ கொண்டு வரோம். அவ்வளவுதான்."

நவமிக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் செகந்திராபாத் கம்ப்யூட்டர் சந்தைக்குப் போனார்கள். கேபினெட்டையும் ஸ்கூட்டரில் கால்மாட்டில் வைத்து எடுத்துப் போயிருந்தார்கள், எந்த ரேம் பொருந்தும் என்று காட்டுவதற்கு. கடைக்கார பாய் மூடியைத் திறந்து பார்த்து ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் எடுத்து வைத்தார்.

"இதர்ச் டால்கே, விண்டோஸ் சடாகே தேதூம் சாப். ஏக் கண்டா. காய்கு டென்ஷன்?"

இங்கேயே பூட்டி, விண்டோஸும் ஏற்றி ஒரு மணி நேரத்தில் தருகிறேன், எதற்கு டென்ஷன் என்கிறார். சுபாஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் ஜெயந்த் முந்திக்கொண்டான்.

"நக்கோ பாய். கல் பூஜா ஹை." வேண்டாம், நாளைக்கு பூஜை.

அவன் தொழிற்சாலையில் அது எழுதாத சட்டம். நவராத்திரி சமயத்தில் புதுக் கருவி எது வந்தாலும் பெட்டியோடு பூஜையில் வைத்து, விஜயதசமியன்று எடுத்துத்தான் முதல் முறை மின்சாரம் கொடுப்பார்கள். அவன் அப்பா காலத்திலிருந்து அப்படி. ஒரு வருஷம் அவசரப்பட்டு ஓட்டிய மிஷின் மூன்றாம் நாளே புகைந்தது என்று ஒரு கதையும் உண்டு.

"அவரே போட்டுட்டா என்ன? வெள்ளிக்கிழமை காலைல சோதனை" என்றாள் சுபாஸ்ரீ, ஸ்கூட்டரில் வரும்போது.

"வியாழக்கிழமை முழு நாள் இருக்கே. லீவு வேற."

அவளுக்கும் எதிர்த்துச் சொல்ல மனம் வரவில்லை. பூஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

ஆக, நவமியன்று ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கவரைப் பிரித்து வெள்ளித் தட்டில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தன. ஜெயந்த் இரண்டுக்கும் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்தான். துடைத்த கம்ப்யூட்டருக்கும் பொட்டு. அன்று முழுக்க யாரும் எதையும் தொடவில்லை.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்து சுண்டல் விநியோகம் ஆனதும் ஜெயந்த் வேலையை ஆரம்பித்தான். ரேமின் பித்தளை நிறப் பற்களில் குங்குமம் ஒட்டியிருந்தது. ரப்பரால் தேய்த்து எடுத்தான். ஸ்லாட்டில் வைத்து இரண்டு ஓரமும் அழுத்த, டக் டக் என்று பிடித்துக்கொண்டது. எஸ்.எஸ்.டி.க்கு ஒயர் மாட்டினான். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆன் செய்ததும், முன்பெல்லாம் காபி போட்டு எடுத்து வந்தால்தான் விழிக்கிற திரை, கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

"பாத்தியா!" என்றான். சின்னப் பையனைப் போல இருந்தது முகம்.

புதிய விண்டோஸை ஏற்றப் பார்த்தான். சரிபார்க்கிறேன் என்றது. ரேமுக்குப் பச்சை டிக். டிஸ்குக்குப் பச்சை டிக். பிராசஸருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. இந்த பிராசஸர் ஏற்கப்படவில்லை.

ஜெயந்த் மறுபடி ஓட்டினான். மறுபடி சிவப்பு. அளவு காட்டிய பக்கத்தைத் திறந்து கீழே வரை போனான். வேகம் மட்டும் போதாதாம். எந்தத் தலைமுறை பிராசஸர் என்றும் பார்ப்பார்களாம். அதற்குத் தனியாக ஒரு பக்கம் இருந்தது. இவர்களுடையது அதில் எங்கேயும் இல்லை.

"மேடை பெருசு, பரண் கிட்டக்க. சமைக்கறவர் அதே கிழவர். அதானே?" என்றாள் சுபாஸ்ரீ.

ஜெயந்த் கடைக்கு போன் போட்டான். போர்டும் பிராசஸரும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார் பாய். இன்றைக்கு தசரா, கடை இல்லை. நாளை ஜும்மா தொழுகை முடிந்து மத்தியானம்தான் திறப்பார். அன்றைக்கே ஏற்றிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்குமே சாப் என்று சொல்லிவிட்டு, தசரா வாழ்த்தும் சொன்னார்.

சுபாஸ்ரீ தன் டீம் லீடர் மனோஜைக் கூப்பிட்டாள். பின்னால் குழந்தைகளின் கூச்சல் கேட்டது.

"மனோஜ், எனக்கு ஒரே ஒரு நாள் கொடுங்கோ. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன்."

"மேடம், நேனு ஏம் சேயனு? நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அது சிஸ்டமே பாக்கிறது. ஒன்பது மணிக்கு ஃபெயில்னு வந்தா பேர் நேரா ஆபீஸ் லிஸ்ட்டுக்குப் போயிடும். சீட்டும் அலாட் ஆயிடும்."

"அப்புறம் எடுக்க முடியாதா?"

"போன வாட்டி போனவங்க யாரும் திரும்பி வரல மேடம். சாரி மேடம். ஹேப்பி தசரா."

குறுக்கு வழி இருக்கிறது, சோதிக்காமலே ஏற்றிவிடலாம் என்று ஜெயந்த் எங்கோ படித்து வந்து சொன்னான். பாதி ஏற்றுவதற்குள் அவனே கையை எடுத்துவிட்டான். கம்பெனி சோதனையில் பிராசஸர் பெயர்தான் முதலில் போகும்.

"வேலையை விட்டுட்டா?" என்றான் மெதுவாக.

"சொல்றது நீங்களா?" என்றாள். பையன் ஜாம்ஷெட்பூரில் படிக்கிறான், அவள் சம்பளத்தில்.

உள்ளே கல்பகம் கூப்பிட்டாள். சுபாஸ்ரீ போனாள். ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, சுவர் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். முதுகில் பவுடர் போட்டாள்.

"என்ன அங்க சத்தமே இல்லை? ரிப்பேராயிடுத்தா?"

"இல்லம்மா. ரொம்ப வேகமா ஓடறது."

"பின்ன என்ன, மூஞ்சியைப் பாரு" என்றாள் கல்பகம், சுவரைப் பார்த்தபடியே.

சுபாஸ்ரீ ஹாலுக்கு வந்தாள். ஜெயந்த் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"திங்கட்கிழமை நான் ஏழரைக்குக் கிளம்பணும். உங்களுக்கும் ஷிஃப்ட். நடுவுல அம்மாவை யார் திருப்பறது?"

அவன் ஒரு ஸ்க்ரூவை முடுக்கினான். அடுத்ததை எடுத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

ஸ்க்ரூ இறுகிய பிறகும் திருப்புளியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். கடைசி ஸ்க்ரூவும் முடியும் வரை சுபாஸ்ரீ நின்றாள். பிறகு தலை குளித்து முடிந்த கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு, சமையலறைக்குப் போய்விட்டாள்.