ஆஃப்ரின் வீட்டு வாசலில் ஒரு லைன் டெய்லர்கள்

திங்கட்கிழமை காலை ஆஃப்ரின் வீட்டுக் கதவைத் திறந்தாள். சந்து முழுக்க டெய்லர்கள். ஆளுக்கொரு சோற்று டப்பா, ஆளுக்கொரு கத்தரி.

"கம்பெனி மாடியிலீங்களா?" என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன கம்பெனிங்க?"

"உங்க ஆப்புலதானுங்க வந்துச்சு. டெய்லர் வேணும், திங்கக்கிழமை நேருல வாங்கன்னு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விவரம் தெரியாத பெண்ணா அவள்? இல்லவே இல்லை. படிப்பு முடித்த கையோடு ஒரு பனியன் கம்பெனியின் வெப்சைட்டில் குழந்தைச் சட்டைப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. பரீட்சை முடிவு வரும் நாளில் அத்தனை பிள்ளைகளும் முட்டி மோதுகிற இணையப் பக்கம் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்பவள் அவள்தான். சாயங்காலம் திருப்பூர் வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குழாய்த் தண்ணீர் என்று சொல்ல ஒரு ஆப் செய்தாள். அடுத்ததுதான் இது, வேலை தேடும் டெய்லருக்கும் ஆள் தேடும் கம்பெனிக்கும்.

பல்கலைக்கழகத்தில் எதையும் முதலில் வெளியாள் பார்க்காத தனிப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே கைக்கு வந்ததை அடிப்பாள். முகவரி கேட்டால் சொந்த வீட்டு முகவரி. அதே பழக்கத்தில் சனிக்கிழமை இந்த டெய்லர் ஆப்பிலும் சோதனைக்கு ஒரு விளம்பரம், கூலியைத் தாராளமாகக் கூட்டி. ஆப் வைத்திருப்பது பக்கத்துத் தெரு டெய்லர் மருதாள் ஒருத்திதானே என்று நினைத்தாள். மருதாளோ கம்பெனியில் தன்னோடு ஒரே வரிசையில் தைக்கும் லைன் மொத்தத்துக்கும் அதை அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனியில் உட்காருவது திருப்பூரில் அதிசயமா என்ன?

"வேலைய உட்டு நின்னுக்கறம்னு சொல்லிப்போட்டு வந்துட்டமே கண்ணு! இனி அங்க உள்ள உடுவாங்களா?" கூட்டத்தில் நின்ற மருதாள் கண்ணைக் கசக்கினாள்.

"ஊருக்கே பாஸ் போடற புள்ள, இத்தன பேரையும் பெயிலாக்கிப் போட்டியே," என்றார் ஆஃப்ரினின் அத்தா நூருல்லா.

"உங்க கம்பெனிக்கு நானே வந்து சொல்றனுங்க்கா. தப்பு என்னுது."

அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, காங்கேயம் ரோட்டில் அவர்கள் விட்டு வந்த கம்பெனிக்குப் போனாள். கேட்டிலேயே சூப்பர்வைசர் இளங்கோ தலையில் கை வைத்து நின்றார். உள்ளே பாதி தைத்த சட்டைக் கைகளோடு மிஷின்கள் அநாதையாகக் கிடந்தன.

"இன்னைக்கு ஷிப்மெண்ட்டுங்க, சரக்கு போயாகணும்! யாருங்க எங்க லைனையே கலைச்சது?"

"நான்தானுங்க. அந்த வெளம்பரம் பொய்யுங்க, சோதனைக்குப் போட்டது. இவங்களத் திருப்பிச் சேத்துக்கோங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மருதாள் முன்னால் வந்தாள். இவ்வளவு நேரம் கண்ணைக் கசக்கியவளா இவள்!

"இருங்க சார். அதுல போட்டிருந்த கூலியக் குடுங்க. உள்ள வர்றம்."

இளங்கோ மிஷின்களைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், முதலாளிக்குப் போன் போட்டார்.

"வாங்க, வாங்க," என்று கேட்டை அகலத் திறந்தார்.

ஆஃப்ரின் அவசரமாகப் போனை எடுத்து விளம்பரத்தை அழிக்கப் போனாள். உள்ளே போய்க்கொண்டிருந்த மருதாள் திரும்பிக் கத்தினாள்:

"அத அழிச்சுப்போடாத கண்ணு, இப்ப அந்தக் கூலி நெசந்தான்! வெலாசத்த மட்டும் இந்தக் கம்பெனிக்கு மாத்தி உடு!"