சுவிச் இல்லாத விளக்கு

கொட்டாஞ்சேனையில் வலன்ரைன் ஓட்டிய வாடகைக் காருக்குக் காலையில் எழும்புகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. சாவியைத் திருப்பினால் கிழவன் தொண்டையைச் செருமுவது போல ஒருதரம் செருமும். பிறகு சவம். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் பின்னால் நின்று தள்ளவேண்டும்.

“என்ன வலன்ரைன், கார் உன்னைச் சுமக்குதோ, நீ காரைச் சுமக்கிறியோ?”

“வாயால தள்ளாதை, கையால தள்ளு.”

கார் மர்ஸூக் முதலாளியுடையது. திங்கட்கிழமையும் படுத்துக் கிடந்தால் சாவி வேறு ஆளுக்கு என்று அவர் சொல்லிவிட்டார். ஓட்டுவதைத் தவிர வலன்ரைனுக்கு வேறு தொழில் தெரியாது. மனைவி டோரின் காய்ச்சலில் போனபிறகு வீட்டில் இருக்கவும் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் காரைத் தள்ளுவித்து றவூப் நானாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

“மய்யித்தக் கொண்டாந்து என்னட்டத் தந்தா நான் என்ன செய்ற, உசிரு குடுக்கவா?” என்றபடி நானா பொனற்றைத் திறந்தார்.

பற்றரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். கண்ணாடிக் குழாயால் அசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். குழாய்க்குள் இருந்த மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. பற்றரி காலி. வேறொரு பற்றரியைக் கொடுத்து எஞ்சினை முடுக்கினார். மீற்றர் முள் சார்ஜ் பக்கம் துள்ளியது.

“டைனமோ நல்லாத்தான் ஊட்டுது. இது ஆரோ திருடித் தின்ற வேல.” எஞ்சினை நிறுத்தினார். “எல்லா லைற்றும் அணைச்சு ஓப்தானே, அண்ணே?”

“ஓம் நானா, எல்லாம்.”

பற்றரி வயரைக் கழற்றி, முனையில் மெல்லத் தொட்டார். சிடுக்கென்று ஒரு சின்னப் பொறி.

“எல்லாம் ஓப். அப்ப இத ஆரு குடிக்கிற? ஷைத்தானா?”

டாஷ்போட்டுக்கு அடியில் தலையை விட்டு ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு போனவர், வெளியே வந்தபோது சிரிக்கவில்லை. வயர் போய் முடிந்த முன்கண்ணாடி மூலையில் அந்தோனியார் படம். அதன் கீழே கடலைப் பருமனில் ஒரு சிவப்பு பல்ப்.

“இது?”

“அது லைற் இல்லை நானா. அது விளக்கு.”

டோரின் கேட்டு வைத்த விளக்கு. ‘சுவிச் வேண்டாம், இருந்தால் அணைப்பீங்கள்’ என்று அவள் சொன்னதால் வலன்ரைன் நேரே பற்றரியிலிருந்து வயர் இழுத்திருந்தார். முன்பு நீர்கொழும்பு, சிலாபம் என்று தூர ஓட்டம். இரவில் விளக்குக் குடித்ததைப் பகலில் டைனமோ நிரப்பிவிடும். உலகச் சண்டை வந்து பெற்றோல் கூப்பனுக்கு மட்டும் என்றானதும் ஓட்டம் சந்தியோடு நின்றது. விளக்கு மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது.

“சின்னச் சுவிச்சொண்டு போட்டுத் தாறேன், அண்ணே. ராவுல அணைங்க, பகல்ல எரியட்டும்.”

“வேண்டாம். சுவிச் வைக்கமாட்டன் எண்டு அவளுக்குச் சொன்னனான்.”

வலன்ரைன் தானே பல்பைத் திருகிக் கழற்றினார். அது இன்னும் சுட்டது. நானா, கையில் பிடித்திருந்த ஸ்பானரையே நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தார். பிறகு பற்றரியைச் சார்ஜில் போட்டு, பொழுதுபட மாட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தள்ளுகிறவர்கள் வழக்கம்போலப் பின்னால் கைவைத்து நின்றார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. “அடே, உயிர்த்திட்டுது!” என்று கூச்சல் போட்டார்கள்.

கார் வெளிக்கிடும்போதெல்லாம் விளக்கைப் பார்த்து, “போட்டு வாறன்” என்று விடைபெறுவது அவருடைய வழக்கம். அன்றும் வாயைத் திறந்தார். மூலை இருட்டாகக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு கிளச்சை விட்டார்.